வானொலி வகுத்த சங்கீத நாள்

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும், பாட்டுக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'கர்நாடக இசையும் வானொலியும்'. பெரிய தலைப்பு. அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காலையில் நிலையம் திறந்ததிலிருந்து இரவு மூடும்வரை, ஒரு நாளுக்குள் சங்கீதத்தை எங்கெங்கே எப்படி வைத்தார்கள் என்பதுதான் அது. பாடியவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். யார் எந்த நேரத்தில் பாடுவது, எத்தனை நிமிஷம், அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று முடிவு செய்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதேயில்லை. அவர்கள் செய்ததும் சங்கீத வேலைதான் என்பது என் கட்சி.

ஆரம்பத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் மூன்றே வருஷத்தில் நின்றுபோனது. கருவிகள் மாநகராட்சிக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அதனால் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். சபாவுக்கு டிக்கெட் வாங்க முடியாதவர்களும், சபா வாசலைத் தாண்டத் தயங்கியவர்களும் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டார்கள். பிறகு 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சி நிலையமும் வந்தன. 'ஒரு நாள் நிகழ்ச்சி நிரல்' என்று நான் சொல்வது அதற்குப் பிறகு உருவானதுதான்.

அந்த நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். முதலில் நிலையத்தின் அடையாள இசை. தம்புரா சுருதிக்கு மேல் வயலினில் வரும் அந்தச் சின்ன மெட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து, ஹிட்லர் காலத்தில் பம்பாய்க்கு வந்து சேர்ந்த யூத இசையமைப்பாளர். சிவரஞ்சனியை ஒட்டி அமைந்தது என்று சொல்வார்கள். அந்நியராக வந்த ஒருவர் போட்ட மெட்டில்தான் பல தலைமுறைகள் கண் விழித்திருக்கின்றன. இது எனக்கு எப்போதும் மனசு நிறைகிற விஷயம்.

அடுத்து வந்தே மாதரம், அப்புறம் மங்கள இசை. நாதஸ்வரத்தோடு நாளைத் தொடங்கியது கோயில் வழக்கத்தை ஒட்டிய முடிவு. ஆனால் அதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று உண்டு. நாதஸ்வரம் நாலு வீதிக்குக் கேட்பதற்காகச் செய்த வாத்தியம். தவிலும் அப்படித்தான். இரண்டையும் சுவரில் எதிரொலி இல்லாதபடி அடைத்த அறைக்குள் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னால், மைக் திணறும், வாசிப்பவருக்கும் மூச்சு முட்டும். மைக்கை எவ்வளவு தள்ளி வைப்பது, தவிலை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று யோசித்துச் செய்த நிலையப் பொறியாளர்களால்தான், வீட்டுக்குள் பூபாளமும் பௌளியும் இதமாகக் கேட்டன. அவர்கள் பெயரை எந்த அறிவிப்பிலும் சொல்வதில்லை.

ராகத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவையும் சொல்ல வேண்டும். இந்துஸ்தானி சங்கீதத்தில் இந்த விதி இன்னும் கண்டிப்பாக இருக்கிறது. நம் மேடைகளில் அது நெகிழ்ந்துவிட்டது. கச்சேரிகளே சாயங்காலத்தில்தான் நடக்கின்றன என்னும்போது, மலயமாருதத்தையும் பிலஹரியையும் விடியற்காலையில் கேட்கச் சாதாரண ரசிகனுக்கு வாய்ப்பு எங்கே? வானொலியில் அந்த வாய்ப்பு இருந்தது. காலையில் பிலஹரி, உச்சிப்பொழுதில் மத்யமாவதி, விளக்கு வைக்கும் நேரத்தில் பூர்விகல்யாணி, இரவில் நீலாம்பரி என்று கேட்டுப் பழகிய காதுக்கு, சாஸ்திரம் படிக்காமலே நேர உணர்வு வந்துவிடும். எந்நாளும் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அக்கறையோடு நிரல் போட்டவர்கள் கவனித்த விஷயங்களில் இதுவும் ஒன்று. என்ன பாடப்போகிறோம் என்ற பட்டியலைக் கலைஞர்கள் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். காலையில் ஒருவர் தோடியைப் பாடியிருந்தால் மாலையில் இன்னொருவரும் தோடியே பாடாமல் பார்த்துக்கொள்ள அந்தப் பட்டியல் உதவும்.

சரி, காலைக் கச்சேரிக்கு வருவோம். நான் அதிகம் பேச ஆசைப்படுவது இந்த அரை மணியைப் பற்றித்தான்.

மேடைக் கச்சேரி அந்தக் காலத்தில் மூன்றரை மணி, நாலு மணி. கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துச் சொச்சம். வானொலி இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றது. முப்பது நிமிஷம் ஒதுக்கினால், முன்னும் பின்னும் அறிவிப்பு போகப் பாட்டுக்குக் கிடைப்பது 28 நிமிஷம்தான். அதற்குள் ஒரு முழுக் கச்சேரியின் நிறைவு வர வேண்டும். எப்படி வரும்? மத்யம காலத்தில் ஒரு சின்ன கீர்த்தனை, நாலு நிமிஷம். அப்புறம் காம்போதி ராகத்தில் ஆலாபனை, அதாவது பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது. மேடையில் என்றால் கீழ் ஷட்ஜத்திலிருந்து நிதானமாக ஏறலாம். தார ஷட்ஜம் என்கிற மேல் 'ஸ'வுக்குப் போவதற்கே பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளலாம். இங்கே மொத்தமே ஐந்து நிமிஷம். முதல் பிடியிலேயே காம்போதி வந்து நிற்க வேண்டும். வயலினுக்கு இரண்டு நிமிஷம் விட வேண்டும். கீர்த்தனை, ஓர் இடத்தில் நிரவல் என்று ஒரே வரியை விதவிதமாகப் பாடுவது, கொஞ்சம் ஸ்வரம். மிருதங்கத்துக்கு மூன்று நிமிஷம் தனி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். மிருதங்கத்தின் முடிவுக் கணக்கான கோர்வை, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழ, பாடகர் கீர்த்தனையின் முதல் வரியான பல்லவியை ஒரு தரம் எடுத்து முடிக்க, அறிவிப்பாளர் குரல் சேர வேண்டும். ஒரு தாளவட்டம் கூடினாலும் செய்திக்கான நேரம் இடிக்கும்.

இதைச் சங்கீதத்துக்கு விழுந்த கத்தரி என்று குறை சொல்பவர்கள் உண்டு. ராகம், தானம், பல்லவி என்று விரித்துப் பாடுவதற்கு இந்த இடம் போதாது என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு அவர்களோடு உடன்பாடில்லை. ராகத்தின் உயிர்ப் பிடி எது, அலங்காரம் எது என்று தெரிந்தவரால்தான் ஐந்து நிமிஷத்தில் காம்போதியைக் காட்ட முடியும். தெரியாதவருக்கு அரை மணி கொடுத்தாலும் வராது. பாட்டுக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: ஒரு ராகத்தை ஐந்து நிமிஷத்தில் பாடிப் பாருங்கள், உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒலிநாடா புழக்கத்துக்கு வரும்வரை பெரும்பாலும் எல்லாமே நேரடி ஒலிபரப்புதான். ஒரே வித்வான் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று ஒரே நாளில் இரண்டு அமர்வு பாடுவது சாதாரணம். விடிந்ததும் விடியாததுமாகச் சாரீரத்தை எழுப்ப வேண்டும். எதிரே ரசிகர்கள் இல்லை. கைதட்டல் இல்லை, 'சபாஷ்' இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் பாட வேண்டியதுதான். கேட்பவர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று நம்பித்தான் பாட முடியும்.

பக்கத்தில் துணைக்கு இருந்தவர்கள் நிலைய வித்வான்கள். மாதச் சம்பளத்துக்கு வாசித்தவர்கள் என்று அவர்களைச் சிலர் இளக்காரமாக நினைத்ததுண்டு. காலையில் மூத்த வித்வானுக்கு, மத்தியானம் முதல் தடவை மைக் முன் உட்கார்ந்து கை நடுங்கும் பெண்ணுக்கு, இரவு தேவாரத்துக்கு என்று ஒரே ஆள், ஒரே வயலின். ஒத்திகைக்கு நேரம் இருக்காது. இந்த அனுபவம் வேறு எந்த மேடையில் கிடைக்கும்? சென்னை நிலையத்தில் பணியாற்றிய எஸ். ராஜத்தைப் பாருங்கள். கோடீஸ்வர ஐயர் 72 மேளகர்த்தா என்னும் தாய் ராகங்களிலும் தமிழில் செய்த கீர்த்தனைகளைப் பாடிப் பரப்பியவர் அவர். விவாதி ராகம், அதாவது ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஸ்வரங்கள் அடுத்தடுத்து வரும் ராகம் என்றாலே ஒதுங்கிப் போனவர்கள் நிறைய இருந்த காலம் அது. செம்மங்குடி சீனிவாச ஐயர், பாலமுரளிகிருஷ்ணா போன்ற பெரியவர்களும் வானொலியில் பொறுப்பு வகித்திருக்கிறார்கள். காலையில் பக்திப் பாடல்களுக்கென்று விஜயவாடா நிலையத்தில் 'பக்தி ரஞ்சனி'யைத் தொடங்கியவர் பாலமுரளிதான்.

இப்போது அறிவிப்பு. 'ராகம் கரகரப்ரியா, தாளம் ஆதி, இயற்றியவர் தியாகராஜர். வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார்.' அவ்வளவுதான், பத்து விநாடி. ஆனால் பல்லாயிரம் குடும்பங்கள் ராகம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டது இந்தப் பத்து விநாடியில்தான். பாட்டு ஓடும்போதே வீட்டில் ஒருவர் 'இது ஹரிகாம்போதி' என்பார், இன்னொருவர் 'இல்லை, கமாஸ்' என்பார். முடிவில் அறிவிப்பாளர் தீர்ப்புச் சொல்வார். சபாவில் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்கக் கூச்சப்படுகிறவனுக்கு, பாட்டு வாத்தியார் வைத்துக்கொள்ள வசதியில்லாதவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! இதற்கு மேல் 'இசைப் பயிற்சி' என்றே தனி நிகழ்ச்சி இருந்தது. ஆசிரியர் ஒரு வரி பாட, மாணவி திருப்பிப் பாட, ஊர் ஊராக வீட்டிலிருந்தபடியே கீர்த்தனை பாடம் செய்தவர்கள் உண்டு.

மத்தியானத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரும்பாலும் இளம் கலைஞர்கள், பிறகு ஒலிப்பதிவுகள்.

இரவுக்கு வருகிறேன். 1952 ஜூலை 20 அன்று தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. சனிக்கிழமை இரவில் நாடு முழுவதும் எல்லா நிலையங்களிலும் ஒரே கச்சேரி, கர்நாடகமும் இந்துஸ்தானியும் மாறி மாறி. நம் ஊர்க்காரன் காதில் முதன்முறையாக இந்துஸ்தானி ராகமான மால்கௌன்ஸ் விழுந்ததும், வடக்கே இருப்பவர்கள் பைரவி வர்ணம் கேட்டதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். இரவில் வைத்ததற்கு இன்னொரு அனுகூலமும் சேர்ந்தது. சென்னையின் 720, திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் மத்திய அலை. பகலில், வானத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றுப் பகுதியான அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடும். தரையோடு போகிற அலை மட்டும்தான் கேட்கும். இருட்டியதும் அந்தக் கீழ் அடுக்கு மறைந்து, மேல் அடுக்கில் பட்டு அலை திரும்பி வரும். அதனால் நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் நிலையம்கூடப் பிடிபடும். ஊதலும் இரைச்சலும் கலந்து வரும்தான். ஆனால் வரும்.

அந்தக் காலத்தில் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் பி.வி. கேஸ்கர். சினிமாப் பாட்டை ஒதுக்கிவிட்டுச் சாஸ்திரீய சங்கீதத்துக்கு இடம் கொடுத்தவர். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சினிமாப் பாட்டை விரட்டியது தப்பு. ஜனங்கள் ரேடியோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கித்தான் அவர்களை மறுபடி அழைக்க வேண்டியிருந்தது. ஆனால் தேசிய நிகழ்ச்சி, வானொலி நடத்திய சங்கீத சம்மேளனம் என்ற இசை விழா, வாத்திய விருந்தா என்ற வாத்தியக் குழு, கலைஞர்களைப் பாடவைத்துத் தரம் பிரிக்கும் தரத் தேர்வு ஆகியவற்றுக்கு அவர் காலம் போட்ட அஸ்திவாரத்தில்தான் நம் கலைஞர்கள் பலர் நின்றார்கள்.

தரத் தேர்வை மூத்த கலைஞர்கள் பலர் அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பெயரும் ஊரும் தெரியாமல் பாட்டை மட்டும் கேட்டு மதிப்பிடும் முறை, சிபாரிசு இல்லாதவர்களுக்கும் கதவைத் திறந்தது. பி, பி ஹை, ஏ, டாப் என்று படிகள். சின்ன ஊரில் இருந்த பாடகிக்கு 'பி' கிடைத்தால், வருஷத்தில் சில ஒலிபரப்பு நிச்சயம், காசோலை நிச்சயம். கோயில் திருவிழா நோட்டீஸில் பெயருக்கு முன்னால் 'வானொலி புகழ்' என்று போடுவார்கள். அந்த இரண்டு சொல்லை நம்பிக் கச்சேரி வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ.

இன்றைக்கு 24 மணி நேரமும் சாஸ்திரீய சங்கீதத்துக்கென்றே, 2016 ஜனவரி 26 முதல் 'ராகம்' என்ற சேவையை வானொலி நடத்துகிறது. இணையத்தில் உலகத்தில் எங்கிருந்தும் கேட்கலாம். மத்திய அலையில் மேல் ஒலிகள் வெட்டுப்பட்டு நாலரை கிலோஹெர்ட்ஸோடு நின்றுபோகும் ஒலி இதில் முழுசாக வருகிறது. தம்புராவின் ரீங்காரம் காதில் விழுகிறது. இதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். நான் கேட்பதெல்லாம், நேரம் நிறைய இருக்கிறது என்பதற்காகப் பதிவுகளை வரிசையாக ஓடவிடும் பழக்கம் எங்கும் வந்துவிடக் கூடாது என்பதுதான். எதற்குப் பிறகு எது என்று யோசிக்க ஒரு மனுஷர் வேண்டும். புதிதாகத் தேறியவர்களுக்கு நேரடி இடம் வேண்டும். பக்கவாத்தியக்காரர் பெயரோடு முழு அறிவிப்பும் வேண்டும்.

கடைசியாக, இங்கே வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வானொலிக் கச்சேரிகளை வீட்டில் ஸ்பூலிலும் கேசட்டிலும் பதிந்து வைத்த ரசிகர்களால்தான் பல பெரியவர்களின் பாட்டு இன்று நமக்குக் கிடைக்கிறது. ஆனால் நாடா வீணாகக் கூடாதென்று நிறையப் பேர் அறிவிப்பை வெட்டிவிட்டார்கள். அதனால் யார் வயலின், எந்த வருஷம் என்று தெரியாத பதிவுகள் இணையத்தில் சுற்றுகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் அப்படிப்பட்ட நாடாக்கள் இருந்தால், கணினிக்கு மாற்றும்போது அறிவிப்பையும் சேர்த்து மாற்றுங்கள். உறையின் மேல் பென்சிலில் கிறுக்கியிருக்கும் தேதியையும் படம் எடுத்து வையுங்கள். நிலையம் வெளியிட்டுவந்த 'வானொலி' பத்திரிகையின் பழைய இதழ்கள் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம். அதில் நாள்வாரியாக, மணிவாரியாக நிரல் இருக்கும். நாடாவில் உள்ள பாட்டையும் பத்திரிகையில் உள்ள நிரலையும் ஒப்பிட்டால், பெயர் தெரியாமல் இருக்கும் பல பக்கவாத்தியக்காரர்களை அடையாளம் கண்டுவிடலாம். கூட்டம் முடிந்ததும் அரை மணி இங்கேதான் இருப்பேன். அப்படி ஏதாவது வைத்திருப்பவர்கள் வந்து சொல்லுங்கள்.