ஃப்ரிட்ஜ் பதினோரு தடவை கூப்பிட்டது, போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை: அலர்ட் எங்கே நின்றுபோகிறது?

(திரையில்: போன் ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்)

இந்த ஸ்கிரீன்ஷாட்டைக் கொஞ்சம் பாருங்கள். சனிக்கிழமை மாலை 6.42, 'ஃப்ரீசர் கதவு திறந்திருக்கிறது'. 6.52, அதே வரி. 7.02, மறுபடியும் அதே வரி. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் வரிசையாகப் பதினோரு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறது. போன் என் சட்டைப் பையிலேயேதான் இருந்தது. ஒரு சத்தம் இல்லை, ஒரு அதிர்வு இல்லை.

வணக்கம் மக்களே. ஃப்ரிட்ஜ் அலர்ட் அனுப்பியும் போனுக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதுதான் இன்றைய வீடியோ. உங்கள் வீட்டில் வைஃபை உள்ள ஃப்ரிட்ஜ் இருந்தால் கடைசி வரை பாருங்கள். ஒரு முக்கியமான செட்டிங் உங்கள் போனிலும் இப்போதே ஆன் ஆகி இருக்கலாம்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம், குலதெய்வம் கும்பிட உசிலம்பட்டி பக்கம் குடும்பமாகப் போயிருந்தோம். ஒரு ராத்திரி தங்கல். கிளம்பும் அவசரத்தில், ஜிகர்தண்டாவுக்கு வாங்கி வைத்த ஐஸ்கிரீம் டப்பாவை யாரோ ஃப்ரீசரில் குறுக்காக வைத்துவிட்டார்கள். டப்பாவின் மூடி ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கதவு சாத்தின மாதிரிதான் தெரிந்திருக்கிறது, ஆனால் ஓரத்து ரப்பர் ஒட்டவில்லை. மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தால் சமையலறைத் தரையில் தண்ணீர். அப்பா தேடி அலைந்து வாங்கிக் கழுவி வைத்த அயிரை மீன் அவ்வளவும் போச்சு. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "போன்ல மணி அடிக்கும்னுதானேடா இவ்வளவு காசு குடுத்து வாங்குன?"

ஃப்ரிட்ஜ் பழுது என்றுதான் நானும் நினைத்தேன். சர்வீஸுக்குப் போன் பண்ணும் முன் ஆப்பைத் திறந்தேன். உள்ளே இந்தப் பதினோரு வரி. அதாவது ஃப்ரிட்ஜ் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. செய்தி வழியில் எங்கேயோ நின்றிருக்கிறது.

ஸ்மார்ட் ஃப்ரிட்ஜ் என்றால் வைஃபை உள்ள ஃப்ரிட்ஜ். கதவு திறந்திருந்தால், உள்ளே சூடு ஏறினால், ஆப் வழியாகச் சொல்லும். இவ்வளவு பின்னணி போதும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்த அலர்ட் எந்த வழியாக வருகிறது?

சித்திரைத் திருவிழா பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கள்ளழகர் அழகர்கோவிலில் இருந்து மதுரைக்கு வருகிறார். தூரம் 20 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அவர் நேராக வந்து சேர்வதில்லை. வழி நெடுக மண்டகப்படி, அதாவது சாமி நின்று போகும் இடங்கள். ஒவ்வொன்றிலும் நின்று தீபாராதனை ஏற்றுக்கொண்டுதான் அடுத்ததுக்கு நகர்கிறார். மூன்றுமாவடியில் எதிர்சேவை, அதாவது சனம் எதிர்கொண்டு வரவேற்பது. செம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே சூடம் ஏற்றி, சனம் விடிய விடியக் காத்து நிற்கும். தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையைச் சாத்துவார்கள். அதற்கு அப்புறம்தான் தங்கக் குதிரையில் வைகைக்கு வருகிறார். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குக் கிளம்பியவர், ஆற்றுக்கு வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்பது நம் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் கதை. சின்ன வயதில் தாத்தா தோளில் உட்கார்ந்து எதிர்சேவை பார்த்த ராத்திரி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "எங்க வந்துட்டாராம்?" என்று தாத்தா கேட்பார். பக்கத்தில் நிற்பவர் ஒரு மண்டகப்படியின் பெயரைச் சொல்வார். அந்த ஒரு பெயரை வைத்தே இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மொத்தக் கூட்டத்துக்கும் தெரிந்துவிடும்.

ஃப்ரிட்ஜ் அலர்ட்டுக்கும் அதே கேள்விதான். எங்கே வந்து நிற்கிறது?

எங்கள் சமையலறைக்கும் ஹாலுக்கும் பத்தடி. ஆனால் அலர்ட் அந்தப் பத்தடியை நேராகத் தாண்டி வருவதில்லை. ஃப்ரிட்ஜில் கிளம்பி, ஹாலில் இருக்கும் ரவுட்டரில் நின்று, அங்கிருந்து ஃப்ரிட்ஜ் கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. அந்த சர்வர் அதை ஆண்ட்ராய்டு என்றால் கூகுளிடமும், ஐபோன் என்றால் ஆப்பிளிடமும் ஒப்படைக்கிறது. அவர்கள் உங்கள் போனுக்குத் தள்ளுகிறார்கள். போன் அந்த ஆப்பை எழுப்பி, சத்தம் போடலாமா என்று பார்த்து, அப்புறம்தான் மணி அடிக்கிறது. இதில் ஒரே ஒரு மண்டகப்படி அடைத்துக் கிடந்தாலும் செய்தி அங்கேயே நின்றுவிடும்.

எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க, முதலில் ஆப்பைத் திறந்து பழைய அலர்ட் பட்டியலைப் பாருங்கள். எல்ஜி என்றால் திங்க்யூ, சாம்சங் என்றால் ஸ்மார்ட்திங்ஸ், மற்ற கம்பெனிகளுக்கும் தனித்தனி ஆப் உண்டு. பட்டியலில் அலர்ட் இருக்கிறது, ஆனால் போன் அடிக்கவில்லை என்றால் கோளாறு போன் பக்கம். பட்டியலிலேயே இல்லை, ஃப்ரிட்ஜ் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது என்றால் கோளாறு வீட்டுப் பக்கம். பாதி வேலை இதிலேயே முடிந்தது.

வீட்டுப் பக்கத்தைச் சட்டென்று பார்த்துவிடலாம். பெரும்பாலான ஸ்மார்ட் ஃப்ரிட்ஜுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும், 5 கிகாஹெர்ட்ஸில் சேராது. இப்போதைய ரவுட்டர்களில் இரண்டும் உண்டு. ஃப்ரிட்ஜைச் சேர்க்கும்போது போனும் 2.4-இல் இருக்கட்டும். புது இன்டர்நெட் கனெக்‌ஷன் போட்டு ரவுட்டரை மாற்றினால், புதியதிலும் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் வையுங்கள். பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவர்கள் ரவுட்டரைச் சமையலறை வாசலுக்கு நேராக நகர்த்திப் பாருங்கள். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவரின் தடிமனில் சிக்னல் பாதி செத்துவிடும்.

ஒன்றை மட்டும் நின்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உங்கள் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறதா? சாதத்தைச் சூடாக்கும் அந்த அலை 2.45 கிகாஹெர்ட்ஸ். ஃப்ரிட்ஜ் பேசும் வைஃபை 2.4-இல் தொடங்குகிறது. இரண்டும் ஒரே தெருக்காரர்கள். அடுப்புக்குள்ளே 800 வாட் அளவுக்குச் சக்தி ஓடுகிறது. வைஃபை அனுப்புவது ஒரு வாட்டுக்கும் குறைவு. அடுப்புக் கதவு ஓரத்தில் கசிவது நம் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் வைஃபைக்கு அதுவே பெரிய இரைச்சல். டவுன்ஹால் ரோட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் ரகசியம் சொல்லிப் பாருங்கள், அந்த மாதிரி. சாப்பாட்டைச் சூடு பண்ணும் இரண்டு நிமிடம் மட்டும் ஃப்ரிட்ஜ் ஆஃப்லைன் போய்ப் போய் வருகிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். அடுப்பைச் சமையலறையின் மறு ஓரத்துக்கு நகர்த்துங்கள். ரவுட்டர் செட்டிங்கில் சேனல் 1 வைத்தும் பார்க்கலாம். அது 2.412-இல் இருப்பதால் அடுப்பின் அலையில் இருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

சர்வர் பக்கம் நாம் செய்ய எதுவும் இல்லை. ஆப்பில் லாக்இன் ஆகி இருக்கிறதா, ஆப்புக்குள்ளேயே கதவு அலர்ட் ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது போன். என் அயிரை மீன் போனது இங்கேதான்.

பொங்கல் ஆஃபரில் ஃப்ரிட்ஜ் வாங்கினோம். முதல் வாரம் நாளைக்கு நாலு தடவை ஆப்பைத் திறந்து பார்த்தேன். பிறகு தொடவே இல்லை. யாரும் தொடமாட்டோம், இல்லையா? ஃப்ரிட்ஜ் ஆப் நமக்கு என்னதான் காட்டப்போகிறது? ஆனால் ஆண்ட்ராய்டின் கணக்கு வேறு. ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதங்கள் திறக்காத ஆப்பிடம் நாம் கொடுத்த அனுமதிகளை அது தானாகவே திரும்ப வாங்கிக்கொள்கிறது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 இன்னும் ஒரு படி மேலே போய், அந்த ஆப்பை உறங்க வைத்துவிடுகிறது. உறங்கும் ஆப்புக்கு, அவசரம் என்று முத்திரை குத்தி அனுப்பினாலும் செய்தி போய்ச் சேராது.

நன்றாக யோசித்துப் பாருங்கள் மக்களே. ஆபத்து வந்தால் மட்டும் கூப்பிட வேண்டும் என்றுதான் இந்த ஆப்பையே வைத்திருக்கிறோம். ஆபத்து வராதவரை அதைத் திறக்க வேலை இல்லை. திறக்காமல் இருப்பதாலேயே போன் அதன் வாயை அடைத்துவிடுகிறது. நம் தகவலையும் போனில் உள்ள இடத்தையும் காக்கச் செய்தது நல்ல எண்ணம்தான். ஆனால் ஃப்ரிட்ஜ், கேஸ் கசிவுக் கருவி, வீட்டுக் கேமரா மாதிரி ஆப்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, சரி செய்வோம். அந்த ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ'வுக்குள் போங்கள். கீழே 'பயன்படுத்தாவிட்டால் நிறுத்தி வை' என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன செட்டிங் இதுதான். அதே பக்கத்தில் பேட்டரி என்பதைத் தொட்டு 'அன்ரெஸ்ட்ரிக்டட்' வையுங்கள். மேலே நோட்டிஃபிகேஷனுக்குள் போய் ஆன் செய்துவிட்டு, அங்கே உள்ள ஒவ்வொரு வகையையும் பாருங்கள். விளம்பரத்துக்கு ஒரு சுவிட்ச், எச்சரிக்கைக்கு ஒரு சுவிட்ச் என்று தனித்தனியாக இருக்கலாம். ஆஃபர் மெசேஜ் தொல்லை தாங்காமல் மொத்தத்தையும் அணைத்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆஃபரை மட்டும் அணையுங்கள்.

ரெட்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' அல்லது அது மாதிரி ஒரு சுவிட்ச் தனியாக உண்டு, ஆன் செய்யுங்கள். சாம்சங் போனில் 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் இருந்தால் வெளியே எடுங்கள். ஐபோன்காரர்கள் அலர்ட் சத்தத்தை அடக்கி வைக்கும் ஃபோகஸையும், 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் வந்த, அலர்ட்களைச் சேர்த்து வைத்துக் குறித்த நேரத்தில் காட்டும் 'ஷெட்யூல்டு சம்மரி'யையும் பாருங்கள். அதில் மாட்டினால் மாலை 6.42 அலர்ட் மறுநாள் காலைத் தொகுப்பில்தான் வரும்.

'வாட்ஸ்அப் எல்லாம் உடனே வருதே, இது மட்டும் ஏன் வரல?' என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டில் பெரும்பாலான ஆப்களுக்குத் தனித்தனி தபால்காரர் கிடையாது. கூகுளுக்கு ஒரே ஒரு இணைப்பு, அதன் வழியாகத்தான் எல்லாச் செய்தியும் போனுக்கு வருகிறது. மற்ற ஆப்களுக்கு வருகிறது என்றால் தபால்காரர் தெருவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். இந்த ஒரு வீட்டின் கதவு மட்டும்தான் பூட்டி இருக்கிறது.

எல்லாம் செய்தாகிவிட்டதா? இப்போது சோதனை. போனின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் வையுங்கள், ஸ்கிரீனைப் பூட்டுங்கள், தெருமுனை டீக்கடைக்கு நடங்கள். வீட்டில் ஒருவரை ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். நான் அப்படிச் செய்தேன். டீ கைக்கு வரும் முன்பே போன் அடித்துவிட்டது. அடுத்த நொடியே அம்மாவின் அழைப்பு: "எனக்கும் வந்துருச்சுடா, கதவச் சாத்தவா?" ஆமாம், அம்மா போனிலும் ஆப்பைப் போட்டு, குடும்ப உறுப்பினராகச் சேர்த்திருந்தேன். வீட்டில் இரண்டு பேருக்காவது அலர்ட் வரும்படி வையுங்கள்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. கரண்ட் போனால்? ஃப்ரிட்ஜும் ரவுட்டரும் சேர்ந்தே அணைந்துவிடும், யாரும் யாரையும் கூப்பிட முடியாது. இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளிலும் பெரும்பாலும் ஃப்ரிட்ஜை அதில் கொடுப்பதில்லை. பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின் நிறுத்தம் என்று பேப்பரில் வந்தால், எட்டு மணி நேரம். கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரமும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டுதல். நம் அக்னி நட்சத்திர வெயிலில் நான் அதைக் குறைத்தே கணக்குப் போடுவேன்.

இதற்கு என் அம்மா செய்வதைக் காட்டுகிறேன்.

(திரையில்: ஃப்ரீசருக்குள் ஒரு எவர்சில்வர் டம்ளர்)

டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர், நன்றாக உறைந்ததும் மேலே ஒரு ஒரு ரூபாய்க் காசு. ஊருக்குப் போய்விட்டு வந்ததும் முதலில் இதைத்தான் பார்ப்பார். காசு மேலேயே இருந்தால் ஃப்ரீசர் உருகவில்லை. அடியில் கிடந்தால், நாம் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, மீனும் கறியும் தொட்டியில் போக வேண்டியதுதான். வைஃபை வேண்டாம், ஆப் வேண்டாம்.

இன்றைக்கே டீக்கடைச் சோதனையைச் செய்து பாருங்கள். போன் அடிக்கவில்லை என்றால், உங்கள் அலர்ட் எந்த மண்டகப்படியில் நின்றது, உங்களுடையது எந்த மாடல் போன் என்று கமெண்ட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் போடுகிறேன்.