இரண்டு கணினி, ஒரு கம்பி

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டில் எத்தனை கணினி இருக்கிறது? துணி போர்த்திப் பரணில் ஏற்றி வைத்திருக்கும் பழையதையும் சேர்த்தே எண்ணுங்கள். பல வீடுகளில் குறைந்தது இரண்டு தேறும். ஒன்று மகன் வேலைக்குப் போனதும் வாங்கிய மடிக்கணினி, இன்னொன்று அவன் கல்லூரியில் படித்தபோது வாங்கியது.

பழையதில் இருக்கும் படங்களைப் புதியதில் ஏற்ற வேண்டும். என்ன செய்கிறோம்? மின்னஞ்சலில் இணைக்கிறோம், அல்லது இணையத்தில் ஏற்றி அந்தப் பக்கம் இறக்குகிறோம். இரண்டு மேசைக்கும் நடுவே பத்தடி தூரம். அந்தப் பத்தடியைக் கடக்க நம் கல்யாணப் படங்கள் எங்கோ இருக்கும் டேட்டா சென்டர் வரை போய்த் திரும்பி வருகின்றன. ஏற்றும்போது ஒரு முறை, இறக்கும்போது ஒரு முறை என்று டேட்டாவும் இரண்டு மடங்கு செலவாகிறது. இதற்கு ஒரு லேன் கேபிள், அதாவது கணினியையும் கணினியையும் இணைக்கும் கம்பி, போதும். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்த நாள் முதலாக வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு கம்பி போதும்.

இந்தக் கம்பியின் அருமை எனக்குத் தெரிந்தது 2001இல், என் அண்ணன் வீட்டில். அண்ணனுக்குக் கணினியில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும் டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் செய்வார். ஒரு கணினியில் வடிவமைப்பார், பிரிண்டர் இருந்தது இன்னொன்றில். நடுவே ஃப்ளாப்பிதான். ஒரு ஃப்ளாப்பியில் 1.44 எம்.பி. மட்டுமே கொள்ளும். ஆறு எம்.பி. பத்திரிகையை ஐந்து துண்டாக்கி ஐந்து ஃப்ளாப்பியில் எடுத்துப் போவார். நான்கு ஒழுங்காகத் திறக்கும், ஐந்தாவது படிக்காது. மறுபடி முதலிலிருந்து.

"இதுக்கு ஒரு வழி பண்ணுடே" என்றார். இரண்டு லேன் கார்டும், முனை போட்டு விற்கிற கேபிள் ஒன்றும் வாங்கிக்கொண்டு போனேன். மாட்டினோம். கார்டின் பின்பக்கம் கடுகளவு விளக்கு ஒன்று உண்டு, தொடர்பு கிடைத்தால் பச்சையாக எரியும். எரியவில்லை. கார்டை மாற்றிக் குத்தினேன். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். மதினி இரண்டு தடவை காபி போட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். இரவு இரண்டு மணி வரை அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலையில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்தார். டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கம்ப்யூட்டரைத் தொட்டதுகூடக் கிடையாது. கேபிளின் இரண்டு முனையையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "தம்பி, ரெண்டு முனையிலயும் கலர் ஒரே வரிசையில இருக்கே. ரெண்டு பேரும் ஒரே கம்பியில பேசுனா, எந்தக் கம்பியிலய்யா கேப்பீங்க?" என்றார்.

கோளாறு அதுதான். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. அந்தக் காலத்துக் கார்டுகள் ஒரு ஜோடியில் பேசும், இன்னொரு ஜோடியில் கேட்கும். நடுவில் ஹப் என்ற இணைப்புப் பெட்டி இருந்தால் ஒருவர் பேச்சை மற்றவர் காதுக்கு அது மாற்றிவிடும். நேருக்கு நேர் இணைத்தால் மாற்றிவிட ஆள் இல்லை, வாயும் வாயும்தான் முட்டும். ஒரு முனையில் மட்டும் ஆரஞ்சு ஜோடி இருந்த இடத்தில் பச்சையும், பச்சை இருந்த இடத்தில் ஆரஞ்சும் வந்தால் என் வாய் உன் காதுக்குப் போய்ச் சேரும். கடைகளில் இதற்குப் பெயர் கிராஸ் கேபிள். எட்டுக் கம்பியின் முழு வரிசையைச் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், விட்டுவிடுகிறேன்.

ஒரு முனையை நறுக்கி, நிறம் மாற்றி அடுக்கி, புதிய முனையைக் கிரிம்பிங் டூலில் வைத்து அழுத்தினேன். 'டக்' என்றது. மாட்டினோம். பச்சை விளக்கு! ஐந்து ஃப்ளாப்பிப் பத்திரிகை போய்ச் சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணன் நம்பவில்லை. அந்தப் பக்கம் போய்த் திறந்து, மணமகள் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் நம்பினார்.

வானொலியில் பேசுவதால் இதையும் சொல்ல வேண்டும். இந்தக் கம்பித் தொடர்புக்கு ஈதர்நெட் என்று பெயர். 1973 மே 22இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்திலிருந்த பாப் மெட்காஃப் ஒரு குறிப்பில் இதை எழுதி வைத்தார். அவருக்கு வழிகாட்டியது எது தெரியுமா? ஹவாய்த் தீவுகளில் கணினிகளை வானொலி அலைகளால் இணைத்த அலோஹாநெட். ஆக, நம் மேசைக்கு அடியில் கிடக்கும் கம்பிக்கு வானொலியோடு உறவு உண்டு.

இனி இன்றைய நிலைமை. இப்போது கிராஸ் கேபிள் தேட வேண்டாம். ஜிகாபிட் போர்ட் என்ற வேகமான லேன் துளை உள்ள கணினிகள் எது வாய், எது காது என்று தாமே பார்த்து மாற்றிக்கொள்கின்றன. இரண்டில் ஒன்று அப்படி இருந்தாலே சாதாரண கேபிள் போதும். மெல்லிய மடிக்கணினியில் லேன் துளை இல்லையென்றால் யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் கிடைக்கிறது.

கம்பி மாட்டியதும் இரண்டுக்கும் முகவரி வேண்டும். ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2. முதல் மூன்று எண்ணும் தெருப் பெயர், கடைசி எண் கதவிலக்கம். தெரு ஒன்றாக இருக்க வேண்டும், கதவிலக்கம் வேறாக இருக்க வேண்டும். எதுவரை தெருப் பெயர் என்று காட்டும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. தெருவை விட்டு வெளியே போகும் வழியைக் கேட்கும் கேட்வே என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஏன் 50? பல வீடுகளில் வைஃபை ரூட்டர் 192.168.1 என்ற தெருவிலேயே குடியிருக்கும். கம்பிக்கும் அதே தெருவைக் கொடுத்தால் கணினி குழம்பிவிடும்.

ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் பழைய விண்டோஸ் 7 கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். பள்ளி ஆண்டு விழாக்களில் அவர் பதிவு செய்த நாடகங்கள் அதில் 40 ஜி.பி. இருந்தன. பென் டிரைவில் எடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றலாமா என்றேன், ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டு இணைப்பில் ஏற்றும் வேகம் 512 கேபிபிஎஸ், இணையத்தில் ஏற்றியிருந்தால் ஒரு வாரம் ஓடியிருக்கும். கம்பியை மாட்டினேன். அந்தப் பழைய லேன் கார்டிலேயே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பத்தடிக்கு ஒரு கம்பி போதும். முதல் கோப்பு வந்ததும் திறக்கச் சொன்னார். ஒரு சிறு பெண் வசனத்தை மறந்து நிற்க, பின்னாலிருந்து அடியெடுத்துக் கொடுக்கும் குரல் கேட்டது. டீச்சருடைய குரல்.

அன்றும் முதலில் பழைய கணினி உள்ளே விடவில்லை. காரணம், பழைய கணினிக்கு அவர் கடவுச்சொல்லே வைத்திருக்கவில்லை. கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் கம்பி வழியாக அனுமதிக்காது. ஒன்று வைத்ததும் திறந்துவிட்டது. பலர் இந்த இடத்தில் பொறுமை இழந்து வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவலான ஃபயர்வாலையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கோப்புப் பகிர்வுக்கு மட்டும் அதில் அனுமதி கொடுங்கள். விண்டோஸ் 10 கணினிக்குள் நுழைகிறவர்கள் திரையைத் திறக்கப் போடும் நான்கு இலக்க PIN எண்ணைப் போட்டுப் பார்த்து ஏமாறுகிறார்கள். அது அந்தக் கணினியில் மட்டும்தான் செல்லும், கணக்கின் முழுக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். பகிரும்போதும் ஒரே ஒரு ஃபோல்டரைப் பகிருங்கள், முழு டிரைவையும் திறந்து வைக்காதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான். இணையத்தைப் பகிர்வது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. இணையம் வரும் கணினியில், அந்த இணைப்பின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஷேரிங். முதல் கட்டத்தில் டிக் அடியுங்கள். அந்தக் கணினியின் கம்பி முகவரி தானாக 192.168.137.1 என்று மாறிவிடும். ஆகவே, மற்ற கணினியில் நாம் கையால் எழுதிய 50.2ஐ எடுத்துவிட்டு, தானாகப் பெறும்படி மாற்றுங்கள். இதை மறந்துவிட்டு இணையம் வரவில்லை என்று கடைக்கு வருகிறவர்கள் நிறைய. முதல் கணினி தூங்கப் போனால் அடுத்ததற்கும் இணையம் நின்றுவிடும், அதனால் ஸ்லீப் அமைப்பை நிறுத்தி வையுங்கள். நன்றி, வணக்கம்.