பழைய ஸ்பீக்கருக்கு மேலும் பணம் போடலாமா?

வணக்கம். அலமாரியில் வைக்கிற அளவில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் உங்கள் வீட்டில் இருக்கிறது. பல வருடமாக நன்றாகத்தான் பாடுகிறது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் என்ற மின் பாகத்தையும் ஒயரையும் மாற்றினால் ஆளே மாறிவிடும் என்று நண்பர் ஒருவர் ஆசை காட்டுகிறார். செலவும் சில ஆயிரங்கள் ஆகும். செய்யலாமா?

என்ன குறை என்று முதலில் சொல்லுங்கள். பெரும்பாலோர் சொல்வது, "பேஸ் பத்தல." அதாவது, அடித்தொண்டை போன்ற தாழ்ந்த ஒலி குறைவு. சரி. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பேஸைத் தருகிற கூம்பான வூஃபர் ஐந்து அங்குலமே இருந்தால் அந்த ஆழத்தில் திணறும். ஒரு ஸ்தாயி, அதாவது பாதி அதிர்வெண்ணுக்கு, கீழே இறங்கி அதே சத்தத்தைக் கொடுக்க, அதன் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். சின்னக் கூம்புக்கு அவ்வளவு வீச்சு கிடையாது. எந்தக் கெபாசிட்டரும் இதை மாற்றாது. அந்தப் பணத்தை, ஆழமான பேஸுக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கரான சப்வூஃபருக்குச் சேர்த்து வைக்கலாம்.

பி.பி.சி. பொறியாளர்கள் 1970களில் ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்பதற்காக எல்.எஸ். 3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரை உருவாக்கினார்கள். ஆழமான பேஸை அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. பேச்சுக் குரல் உள்ளபடி கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பழைய ஜோடிகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். உங்களிடம் ஒன்று இருந்தால், தயவுசெய்து உள்ளே எதையும் மாற்றாதீர்கள். அதன் மதிப்பு குறைந்துவிடும்.

இன்னும் சிலருக்குக் குரல் கலங்கலாகக் கேட்கும். நான் முதலில் சந்தேகப்படுவது அறையைத்தான். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். அறையின் நடுவே நின்று ஒருமுறை கை தட்டுங்கள். சத்தம் சட்டென்று நிற்காமல் 'ணங்' என்று இழுத்தால், ஒரு தரைவிரிப்பும் கனமான திரையும் செய்கிற நன்மையைப் புது ஸ்பீக்கர்கூடச் செய்யாது. பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கரைப் புத்தகங்களுக்கு நடுவே திணித்தால் பேஸ் உப்பிப்போய்ப் பாடகரை மூடிவிடும். சுவரிலிருந்து கொஞ்சம் வெளியே இழுங்கள். நீங்கள் உட்காரும்போது, உயர்ந்த ஒலியைத் தருகிற சின்னப் பாகமான ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். இதற்குக் காசே இல்லை.

பழுது பார்ப்பது வேறு விஷயம், அதற்குத் தயங்க வேண்டாம். வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் வருடங்கள் போகப் போக உதிரும். விரலால் லேசாகத் தொட்டாலே பிசுபிசுக்கும். ரப்பர் வளையம் இன்னும் நாள் தாங்கும். ஃபோமை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் புது ஜோடி வாங்குவதைவிட மலிவு. ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெபாசிட்டர்களும் இருபது, முப்பது வருடத்தில் மின்னைத் தேக்கும் அளவு மாறிப்போகும். பழையதன் மேல் குறித்துள்ள அதே அளவில் புதிது போடச் சொல்லுங்கள்.

அதற்குப் பதில் விலை கூடிய ஃபிலிம் வகைக் கெபாசிட்டர் போட்டால் வித்தியாசமே தெரியாதா என்று கேட்பீர்கள். சில சமயம் தெரியும். அதன் உள்தடை குறைவு என்பதால் ட்வீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போகும். அதைத்தான் பலர் 'தெளிவு' என்று கொண்டாடுகிறார்கள். ஆம்ப்ளிஃபையரில் உயர்ந்த ஒலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை லேசாகத் திருப்பினாலும் ஏறக்குறைய அதே கொண்டாட்டம்தான்!

என் கணக்கு இது: மாற்றும் செலவு, ஒரு படி மேலான ஜோடியின் விலையில் பாதியை நெருங்கினால் நான் தொடமாட்டேன். அந்த உதிரிப் பாகங்களின் விலையை ஸ்பீக்கரை விற்கும்போது யாரும் தர மாட்டார்கள். புது ஜோடி வாங்குவதாக இருந்தால் கடையில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நண்பரிடம் இரவல் கேட்டு உங்கள் அறையிலேயே பழையதோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்க வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். ஒன்று துளி சத்தமாக இருந்தாலும் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும். கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி இருக்கிறது, அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.