காட்ஸ்வோல்ட் வே: வழிகாட்டி இல்லாமல் 164 கிலோமீட்டர்

அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பின்னால் தெரிவது இங்கிலாந்தின் பிராட்வே கோபுரம். கடல்மட்டத்திலிருந்து 312 மீட்டர் உயரத்தில், வடக்கே சிப்பிங் கேம்டனில் தொடங்கித் தெற்கே பாத் நகரின் அபே தேவாலய வாசலில் முடியும் காட்ஸ்வோல்ட் வே நடைபாதையின் மேல் நின்றுகொண்டு உங்களோடு பேசுகிறேன். பாதையின் நீளம் 102 மைல், அதாவது 164 கிலோமீட்டர்.

வழிகாட்டியோ குழுவோ இல்லாமல் நாமாகவே நடக்கும் இந்த வகைப் பயணத்தில், ஊருக்கு ஊர் அறை பதிவுசெய்வது, வரைபடம் தருவது, காலையில் நம் பெட்டியை வேனில் ஏற்றி மாலைக்குள் அடுத்த விடுதியில் சேர்ப்பது ஆகியவற்றை ஒரு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. நம் தோளில் மழைக்கோட்டும் தண்ணீரும் மதிய உணவும் மட்டுமே. எப்போது கிளம்புவது, எங்கே உட்காருவது என்பதெல்லாம் நம் விருப்பம்.

ஆனால் அந்தச் சுதந்திரம் முன்பதிவு செய்யும்போதே பறிபோகக்கூடும் என்பதைத்தான் இன்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சிப்பிங் கேம்டனிலிருந்து வின்ச்கோம் வரை ஏறக்குறைய 29 கிலோமீட்டர். இதை ஒரே நாளில் நடக்கும்படி திட்டம் வகுத்தால், மாலை விடுதியை எட்டும் கவலையிலேயே பொழுது போய்விடும். ஸ்டான்டனில் ஓர் இரவு தங்கினால் அதே தூரம் இரண்டு நிதானமான நாள்களாகும். வின்ச்கோமுக்கு முன்னால் வரும் ஹெய்ல்ஸ் மடத்தின் இடிபாடுகளை நின்று பார்க்கவும் நேரம் கிடைக்கும். இங்கே மலையென்று பெரிதாக எதுவும் இல்லை, மிக உயர்ந்த கிளீவ் குன்றே 330 மீட்டர்தான். எனினும் பாதை மேட்டு விளிம்பை ஒட்டியே போவதால், ஒவ்வோர் ஊருக்கும் இறங்கி மறுபடியும் ஏற வேண்டியிருக்கிறது. வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது.

வழி தவறிவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. கேமராவை இந்தக் கதவுக் கம்பத்தின் அருகே கொண்டுபோகிறேன், பாருங்கள். வெள்ளை நிறத்தில் ஓக் மரக் கொட்டையின் வடிவம் இருக்கிறதல்லவா? அதுதான் தேசிய நடைபாதைகளின் சின்னம். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டுமான வழியையும், நீல அம்பு குதிரையும் சைக்கிளும் செல்லக்கூடிய வழியையும் காட்டுகின்றன. கதவையும் கவனியுங்கள்: வளைந்த கம்பி அடைப்புக்குள் ஒற்றைக் கதவு முன்னும் பின்னும் ஆடுகிறது, ஆள் ஒருவர் திரும்பி நுழையலாம், ஆடுமாடு நுழைய முடியாது.

தனியார் நிலத்துக்குள் இப்படி நடப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இது சட்டம் தந்த வழியுரிமை. வயலின் குறுக்கே போகும் பாதையை உழவர் உழலாம், ஆனால் 14 நாள்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதைச் சீராக்கித் தர வேண்டும். பயிர் இடுப்பளவு வளர்ந்த வயலின் நடுவே ஒற்றையடிப் பாதை நேராகப் போவதைப் பார்க்கும்போது, எனக்கு இந்நாட்டின் மீது தனி மதிப்பே வருகிறது. அந்த உரிமைக்கு ஈடாக நாமும் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. கன்றோடு நிற்கும் பசுக்களை விட்டு நன்றாக விலகி நடக்க வேண்டும்.

வர நினைப்பவர்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் வாருங்கள். குளிர்காலத்தில் இங்குள்ள களிமண் காலணியோடு அப்பிக்கொண்டு நடையைப் பாதியாகக் குறைத்துவிடும். சிற்றூர்களில் அறைகள் குறைவு என்பதால், எங்கெங்கே இரவு தங்குவது என்பதை முதலில் நீங்களே முடிவுசெய்து, அதன் பிறகு நிறுவனத்திடம் பேசுங்கள்.