நாட்டுக்கு உலகத்துல மதிப்பு தேடித் தர்றது சினிமாவா, உயர்கல்வியா? உயர்கல்வியே!

நடுவர் அய்யாவுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். எனக்கு முன்னாடி பேசுன அக்கா, ரஜினி படம் ஜப்பான்ல ஓடுச்சு, இந்தியான்னா அங்க இப்ப ஒரு மரியாதைன்னாங்க. படம் ஓடுனத நான் மறுக்கல, எனக்கும் பெருமைதான். ஆனா அக்கா, ரசிகன் வேற, சொந்தக்காரன் வேற. படம் ரசிகனத் தரும், படிப்புதான் சொந்தம் சேக்கும்.

சென்னை ஐஐடி கேம்பஸ்ல ஒரு ரோட்டுக்கு பேரு பான் அவென்யூ. பான்ங்கிறது அன்னைக்கு மேற்கு ஜெர்மனியோட தலைநகரம். நம்ம கிண்டி காட்டுக்குள்ள அந்த பேரு எப்படிங்க வந்துச்சு? 1945ல போர்ல தோத்து, உலகமே வெறுத்து ஒதுக்குன நாடு, 14 வருஷம் கழிச்சு 1959ல அவங்க உதவியோடதான் ஐஐடி மெட்ராஸே ஆரம்பிக்குது, மெஷின் அனுப்புனாங்க, பேராசிரியர்கள அனுப்புனாங்க, நம்மாளுங்கள அங்க வரவழைச்சு ட்ரெயினிங் குடுத்தாங்க. அவங்க மட்டும் இல்லங்க, பனிப்போர் காலம் அது, பாம்பே ஐஐடிக்கு சோவியத், கான்பூருக்கு அமெரிக்கா, டெல்லிக்கு பிரிட்டன்னு வரிசையா வந்து நின்னாங்க. சும்மாவா வருவாங்க? ஒரு லேப்ல நின்னு தொழில் கத்துக்கிட்டவன் கத்துக்குடுத்தவன மறக்கவே மாட்டான்னு அவங்களுக்கு தெரியும்.

இன்னைக்கு நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவன்ல நம்ம பிள்ளைங்க உக்காந்து ஜெர்மன் படிக்குதுங்க. ஜெர்மனில பெரும்பாலான அரசு யுனிவர்சிட்டில வெளிநாட்டு பிள்ளைங்களுக்கும் டியூஷன் ஃபீஸ் இல்ல. 2022-23ல சீனாவ தாண்டி, அங்க படிக்கிற வெளிநாட்டு மாணவர்கள்ல நம்மாளுங்க முதலிடம் வந்துட்டாங்க.

சரி, நாம யாருக்காச்சும் குடுத்தோமான்னு கேப்பீங்க. ஆப்கானிஸ்தான் அதிபரா இருந்த ஹமீத் கர்சாய் சிம்லால எம்.ஏ. படிச்சவர், இமாச்சல பிரதேச பல்கலைக்கழகம், ஹிந்தி சரளமா பேசுவார். அந்த நாடு முதன்முதலா ஸ்ட்ராடஜிக் பார்ட்னர்ஷிப், அதாவது நீண்டகால நெருங்கின கூட்டாளி ஒப்பந்தம் போட்டது 2011ல, இந்தியாவோட, கையெழுத்து போட்டது கர்சாய். படிப்பு ஒண்ணுதான் காரணம்னு சொல்லல, ஆனா இளம் வயசுல நம்ம ஊர்ல வாழ்ந்த மனுஷனுக்கு நம்மள பத்தி யாரும் அறிமுகம் குடுக்க வேண்டியதில்ல பாருங்க. இதே நாமதான் 2021 ஆகஸ்ட்ல, தாலிபான் வந்த கையோட, இந்தியாவுக்கு வெளிய இருந்த ஆப்கன்காரங்க விசாவ எல்லாம் ரத்து பண்ணோம், இங்க படிச்சுக்கிட்டிருந்து ஊருக்கு போன மாணவர்களும் அதுல மாட்டிக்கிட்டாங்க. எனக்கு அது இன்னும் வலிக்குது. எத்தன வருஷமா சேத்த நல்ல பேரு!

அதனாலதான் சான்சிபார், ஆப்பிரிக்காவுல தான்சானியா நாட்டுக்குள்ள இருக்குற தீவு, அந்த விஷயம் எனக்கு அவ்ளோ முக்கியமா படுது. 2023ல ஐஐடி மெட்ராஸ் அங்க கேம்பஸ் தொறந்துச்சு, வெளிநாட்டுல வந்த முதல் ஐஐடி, அதுக்கு இயக்குநரா போன பிரீத்தி அகாலயம் ஐஐடி வரலாற்றுலயே முதல் பெண் இயக்குநர். ஜெர்மனிகிட்ட வாங்கி வளந்த காலேஜ், இப்ப தான்சானியாவுக்கு குடுக்குது. அந்த கேம்பஸ்லயும் ஒரு ரோட்டுக்கு மெட்ராஸ்னு பேரு வரணும்னு எனக்கு ஆசை, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.