கருவிழியில் மஞ்சள் துளிகள்: எல்லா மங்கலும் புரை அல்ல

(காட்சி: முட்டம் கடற்கரை, முற்பகல் வெயில். மணலில் அமர்ந்து வலையின் கிழிசலைப் பின்னும் ஒரு முதியவர். கண்களைச் சுருக்கியபடியே பின்னுகிறார்.)

வணக்கம். குளச்சல், முட்டம், கடியபட்டணம், மணக்குடி என நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் அறுபதைக் கடந்த ஒருவர் பார்வை மங்குகிறது என்றால், "புரையாத்தான் இருக்கும், ஆப்பரேஷன் பண்ணினா சரியாயிரும்" என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அந்த ஊகம் சரியே. ஆனால் புரை என்பது கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸ் மங்குவது. அதற்கும் முன்புறத்தில், கண்ணின் வாசலிலேயே நிற்கும் கருவிழிப்படலம் மங்கினாலும் பார்வை குறையும். இந்த இரண்டையும் பிரித்தறிவது பற்றியே இந்த வீடியோ.

(காட்சி: கண்ணின் குறுக்குவெட்டுப் படம்.)

கருவிழிப்படலம் நடுவில் அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே கூடுதல் தடிமன் கொண்டது. நாம் கறுப்பாகக் காண்பது அதன் பின்னால் உள்ள பகுதிகளையே. படலத்துக்கென்று நிறம் இல்லை, இரத்த நாளங்களும் இல்லை. முதுமை, வெயில், பழைய அழற்சி ஆகியவற்றால் அதில் படியும் மாற்றங்களைச் சிதைவு மாற்றங்கள் என்கிறோம். பரம்பரையாக வரும் கருவிழி நோய்கள் இவற்றிலிருந்து வேறானவை.

(காட்சி: பரிசோதனை அறை. "பாட்டா, தாடையை இதுல வச்சு நேரா பாருங்க" என்று ஒரு குரல்.)

ஸ்லிட் லாம்ப் கருவியின் மெல்லிய ஒளிக்கீற்று படலத்தின் மீது விழும்போது, கடிகார முகப்பில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில், வெள்ளை விழியை ஒட்டிய ஓரத்தில், பொன்மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு துளிகள் தெரிகின்றன. தண்ணீரில் தெளித்த தேங்காய் எண்ணெய் போலத் தோன்றினாலும் அவை எண்ணெய் அல்ல, புரதப் படிவுகள். ஓரத்து இரத்த நாளங்களிலிருந்து படலத்துக்குள் ஊறிவரும் புரதங்கள் புற ஊதாக் கதிர் பட்டு உருமாறி, மேலடுக்குகளில் படிகின்றன என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். மருத்துவர்கள் இதை ஸ்பீராய்டல் டிஜெனரேஷன் என்றும் கிளைமேட்டிக் டிராப்லெட் கெரட்டோபதி என்றும் குறிப்பார்கள்.

கனடாவின் லாப்ரடார் பனிவெளியிலும், செங்கடலின் டாலாக் தீவுகளிலும் இதே துளிகள் பதிவாகியுள்ளன. வறண்ட வெப்ப நாடுகளில் கண்டதை இத்தாலிய மருத்துவர் பியெட்டி 1955இல் எழுதினார். கடுங்குளிருக்கும் கடுவெயிலுக்கும் பொதுவாக இருப்பது தரையிலிருந்து திரும்பி வரும் ஒளி. புதுப்பனி புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 80 சதவீதத்தையும், கடல் நுரை 25 சதவீதத்தையும், உலர்ந்த மணல் 15 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. அமெரிக்காவின் செசாபீக் விரிகுடாவில் 838 கடல் தொழிலாளர்களை ஆராய்ந்தபோதும், வெயில் அதிகம் பட்டவர்களுக்கே இந்தத் துளிகள் அதிகம் இருந்தன.

ஆகவே தலையில் கட்டிய துண்டு மேலிருந்து வரும் வெயிலை மட்டுமே தடுக்கும். கீழிருந்து வரும் ஒளிக்கு, பக்கவாட்டையும் மூடுகிற, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வேண்டும். வள்ளத்தில் போகும் இளைஞர்கள் அதை அலங்காரம் என்று ஒதுக்காமல் தொழில் கருவியாகவே கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

துளிகள் ஓரத்தில் நிற்கும் வரை பார்வைக்குக் கேடில்லை. அவை நடுவுக்கு நகர்ந்து பாவையை (ஒளி உள்ளே நுழையும் கண்மணியை) மறைக்கும்போதுதான் மங்கல் தொடங்குகிறது. முற்றினால் முடிச்சுகளாகத் திரண்டு, படலத்தின் உணர்ச்சியும் குறையும். நந்தியாவட்டைச் சாறோ தாய்ப்பாலோ விட்டு இவற்றைக் கரைக்க முடியாது. கிருமித் தொற்றுதான் வரும். மேலடுக்கைச் சுரண்டி எடுப்பது, லேசரால் செதுக்குவது, மிக முற்றிய நிலையில் தானமாகப் பெற்ற கருவிழியைப் பொருத்துவது ஆகியவையே சிகிச்சைகள்.

(காட்சி: மூன்று கண்களின் வரைபடங்கள்.)

இதே குடும்பத்தில் வேறு சிலவும் உண்டு. பழைய அழற்சிக்குப் பின் நீலம் கலந்த சாம்பல் முடிச்சுகள் எழுவது சால்ஸ்மன் சிதைவு. சுண்ணாம்புச் சத்து பட்டையாகப் படிந்தால், இடிடிஏ என்ற மருந்தால் அதைக் கரைத்தெடுக்கலாம். கூடவே இரத்தத்தில் கால்சியம் அளவையும் பார்க்க வேண்டும். டெரியன் சிதைவில், பெரும்பாலும் மேல் ஓரத்தில் தொடங்கி, வலியே இல்லாமல் படலம் மெலிகிறது. அத்தகைய கண்ணில் சிறு அடி பட்டாலும் ஓட்டை விழக்கூடும்.

புரையும் இந்தத் துளிகளும் ஒரே கண்ணில் இருப்பதும் உண்டு. அப்போது படலத்தின் மேடுபள்ளம் அதன் வளைவு அளவீட்டைத் தவறாகக் காட்டுவதால், அந்த அளவை வைத்துக் கணக்கிட்டு, புரை அறுவையில் உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸின் பவர் பிசகிவிடும். ஆகவே படலத்தின் மாற்றம் பெரிதாக இருந்தால், முதலில் அதைச் சீர்செய்து, அளவு நிலைப்பட்ட பிறகு மறுபடியும் அளந்து, அதன் பின்னரே புரை அறுவை செய்வார்கள். முகாமில் புரைக்குப் பெயர் பதியும் நாளிலேயே, "கருவிழிப்படலம் தெளிவாக இருக்கிறதா, டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.