பழைய மாணவர்களே, ஒரு கண் முகாமை எடுத்துச் செய்யுங்கள்

வணக்கம் மக்களே. மதுரைக் கல்லூரிகளில் படித்துவிட்டு வெளியே போனவர்களிடம்தான் இன்றைக்குப் பேசுகிறேன். வெள்ளி விழா சந்திப்பு வைக்கிறோம், கல்லூரிக்கு வளைவு கட்டிக் கொடுக்கிறோம், எல்லாம் சந்தோஷம்தான். அதே பணமும் ஆட்களும் ஒரு கண் முகாமுக்குப் போனால் என்ன நடக்கிறது என்று உசிலம்பட்டி பக்கம் ஒரு ஊரில் பார்த்துவிட்டு வருகிறேன்.

டாக்டர் வெங்கடசாமியை நம் ஊரில் தெரியாதவர்கள் குறைவு. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவம் சொல்லிக் கொடுத்தவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப் போன பிறகும் ஆபரேஷன் செய்தவர். 1976-இல் ஓய்வு பெற்றதும் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கூட நின்றார்கள். 1992-இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்புக் கூடமான ஆரோலேப் வந்து, கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே செய்தார்கள். விலை அப்படியே இறங்கியது. வாத்தியார் வேலை ஓய்வோடு முடிந்துவிடவில்லை அவருக்கு.

சரி, இவ்வளவு இருந்தும் புரை முற்றிப் பார்வை போனவர்கள் இன்னும் ஏன் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்? முகாமில் பார்த்து, புரை இருந்தால் பஸ்ஸில் கூட்டிப் போகிறார்கள். ஆபரேஷன், சாப்பாடு, தங்கல் எல்லாம் இலவசம். திரும்பவும் ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள். அப்படியும் ஒரு அப்பத்தா வர மாட்டேன் என்றார். "நான் போயிட்டா ஆட்டை யாருப்பா பாக்குறது?" அப்புறம் மெதுவாக, "வயசாயிருச்சு, இனிமே பார்வை எதுக்கு" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

டாக்டர்களால் தீர்க்க முடியாத இடம் இதுதான். அந்த ஊர்க்காரரான பழைய மாணவர் ஒருவர், "அப்பத்தா, ஆடு என் பொறுப்பு" என்று கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார். அவர் வகுப்புத் தோழி துணைக்குப் பஸ் ஏறினார். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் பையை எடுத்தார். ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொல்லிவிட்டால் ஆள் வந்துவிடும் என்று நினைக்கிறோம். தெரிந்த முகம் வாசலில் வந்து கூப்பிட வேண்டும்.

இதில் பேராசிரியர்களுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவர்கள் கிராமத்தில் ஏழு நாள் தங்கி முகாம் நடத்துகிறார்கள். பல இடங்களில் கோயிலைச் சுற்றிக் கூட்டுவது, மரக்கன்று நடுவது என்றே போய்விடுகிறது. முதல் நாட்களில் வீடு வீடாகப் போய் யாருக்குப் பார்வை மங்கல், யாருக்குச் சர்க்கரை, யாருக்குத் துணையில்லை என்று எழுதி வைத்து, கடைசி நாள் கண் முகாம் வைத்தால் எவ்வளவு நல்லது! சர்க்கரைக்காரர்களை விடவே கூடாது. அவர்களுக்கு விழித்திரை கெட ஆரம்பிக்கும்போது அறிகுறி ஒன்றும் வெளியே தெரியாது. தெரியும் நேரத்தில் காலம் தாழ்ந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகும் வேலை இருக்கிறது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட வேண்டும், கண்ணில் தண்ணீர் படக் கூடாது, மறுபரிசோதனைக்குக் கூட்டிப் போக வேண்டும். பிள்ளைகள் திருப்பூரில் வேலையில் இருக்கும் வீட்டில் இதை யார் செய்வது? பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த ஊர்ப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் பெயரை முகாமுக்கு முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து பேரையூர் பக்கம் ஒரு முகாமுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பக்கத்துக்காரர்கள் ஊர் பெயரை மட்டும் கமெண்டில் போடுங்கள், நாங்கள் கூப்பிடுகிறோம்.